தமிழகத்தில் கிட்டார் பயிற்சி: பாட்டுப் புத்தகம் முதல் இணையப் பாடம் வரை

இணையவழிக் கிட்டார் பயிற்சி என்பது, ஆசிரியரை நேரில் சந்திக்காமல், காணொளிகள், எண்குறிப்புகள், கைபேசிச் செயலிகள் ஆகியவற்றின் துணையுடன் கிட்டார் வாசிக்கப் பழகும் முறையாகும். இம்முறையில் பெரும்பாலும் முதலில் கற்பிக்கப்படுவது சுவர வரிசைகள் அல்ல. மாணவர் ஏற்கெனவே பலமுறை கேட்ட ஒரு பிரபலமான பாடல். சென்னை போன்ற பெருநகரங்களுக்கு வெளியே, கள்ளக்குறிச்சி போன்ற மாவட்டங்களில், மின்கிட்டார் கற்க விரும்புவோருக்கு இன்று எளிதாகக் கிடைக்கும் வழி இதுவே.

ஆனால் தொலைவிலிருந்து இசை கற்பது இணையத்துடன் தோன்றியதன்று. அச்சுக் குறிப்பு, வானொலி, ஒலிநாடா என ஒவ்வொரு காலத்திலும் அதற்கு ஒரு கருவி இருந்தது. ஒவ்வொரு முறையும் ஆசிரியர் இல்லாத இடத்தை ஓரளவு நிரப்பியது மாணவரின் காதில் ஏற்கெனவே பதிந்திருந்த பாட்டு.

கள்ளக்குறிச்சியும் கல்வராயன் மலையும்

கள்ளக்குறிச்சி மாவட்டம் விழுப்புரம் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டு 2019 நவம்பர் 26 அன்று தொடங்கப்பட்டது. அதன் மேற்கே கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியான கல்வராயன் மலை உள்ளது. மலையின் மறுபக்கம் சேலம் மாவட்டம். மலையில் வாழ்வோரில் பெரும்பான்மையோர் மலையாளி எனப்படும் பழங்குடியினர். இம்மலைப்பகுதி 1976 வரை ஜாகிர்தார்களின் ஆளுகையில் இருந்தது. நாடு விடுதலை பெற்று ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்குப் பின்னரே அது அரசின் நேரடி நிர்வாகத்துக்கு வந்ததால், சாலை, பள்ளி, மின்சாரம் ஆகியவை சமவெளியைவிடத் தாமதமாகவே மலையேறின.

கற்றல் என்பது அருகிலிருந்து பார்த்துச் செய்வது என்ற மரபு இம்மாவட்டத்தில் வலுவானது. 2021-ல் புவிசார் குறியீடு பெற்ற கள்ளக்குறிச்சி மரச்சிற்பம் இதற்குச் சான்று. சிற்பப் பட்டறையில் இளையவர் மூத்தவரின் அருகே அமர்ந்து, உளியைப் பிடிக்கும் கோணம் முதல் கற்கிறார். தவறு நேர்ந்த நொடியிலேயே திருத்தம் கிடைக்கிறது. தவில், நாகசுரம் போன்ற கருவிகளின் பயிற்சியும் இவ்வகையானதே. மின்கிட்டாருக்கு இத்தகைய பட்டறையோ குருகுலமோ இப்பகுதியில் இருந்ததில்லை. மேற்கத்திய இசையைக் கற்பித்த ஆசிரியர்களும் கருவிக் கடைகளும் பெரிதும் சென்னையிலேயே திரண்டிருந்தன. கள்ளக்குறிச்சியிலிருந்து சென்னை இருநூறு கிலோமீட்டருக்கு மேல். இந்தத் தொலைவுதான் இங்கு கிட்டார் கற்றலின் அடிப்படைச் சிக்கல்.

கருவி

மின்கிட்டார் 1930-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் உருவானது. ஜார்ஜ் போஷாம்ப் வடிவமைத்து ரிக்கன்பேக்கர் நிறுவனம் விற்ற கருவி, அதன் வட்ட உடலாலும் நீண்ட கழுத்தாலும் ‘வாணலி’ என்ற செல்லப்பெயர் பெற்றது. அது மடியில் கிடத்தி வாசிக்கும் ஹவாய் வகைக் கிட்டார். இன்று பரவலாகக் காணப்படும் திட மர உடல் கொண்ட வகை 1950-களில் நிலைபெற்றது. பெண்டர் நிறுவனத்தின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் 1954-ல் வெளிவந்தது.

சாதாரணக் கிட்டாரில் கம்பியின் அதிர்வை உள்ளீடற்ற மர உடல் பெருக்குகிறது. மின்கிட்டாரில் அந்த வேலையைப் பிக்கப் என்னும் பகுதி தொடங்கிவைக்கிறது. பிக்கப் என்பது காந்தமும் அதைச் சுற்றிய மெல்லிய செம்புக் கம்பிச் சுருளும். மேலே எஃகுக் கம்பி அதிரும்போது காந்தப்புலம் மாறி, சுருளில் சிறு மின்னோட்டம் பிறக்கிறது. ஆம்ப்ளிஃபயர் அதைப் பெருக்கி ஒலியாக்குகிறது. ஆம்ப்ளிஃபயர் இல்லாவிட்டால் மின்கிட்டார் மிக மெல்லிய ஒலியையே தரும்.

இந்தத் தன்மை கற்பவருக்கு இரு வகையில் பொருந்தும். ஒன்று, கருவியுடன் ஆம்ப்ளிஃபயர், இணைப்புக் கம்பி என்று கூடுதல் செலவு உண்டு. மற்றொன்று, காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு வீட்டில் யாருக்கும் தொந்தரவின்றி இரவிலும் பழகலாம். மின்தடை உள்ள ஊர்களில் மின்கலத்தில் இயங்கும் சிறிய ஆம்ப்ளிஃபயர்கள் உதவுகின்றன.

அச்சில் வந்த ஆசிரியர்

இசையைத் தாளில் எழுதித் தொலைவுக்கு அனுப்பும் முயற்சி தமிழகத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தொடங்கியது. ஏ.எம். சின்னசாமி முதலியார் கர்நாடக இசைப் பாடல்களை ஐரோப்பியக் குறிப்பு முறையில் எழுதி 1893-ல் சென்னையில் வெளியிட்டார். அவருக்குப் பாடல்களை அளித்து உதவிய சுப்பராம தீட்சிதர், எட்டயபுரம் சமஸ்தானத்தின் ஆதரவில் 1904-ல் சங்கீத சம்பிரதாய பிரதர்சினி என்னும் பெருநூலை வெளியிட்டார். சுவர எழுத்துகள் மட்டும் போதா என்று கண்ட அவர், கமகங்களைக் காட்டத் தனிக் குறியீடுகளை வகுத்தார். ஒரு சுவரத்திலிருந்து அடுத்ததற்கு எப்படிச் செல்வது என்பதே கர்நாடக இசையின் உயிர் என்பதால், அந்தக் குறியீடுகள் இன்றியமையாதவை ஆயின. ஆயினும் அந்தப் பாடலை ஒருமுறையேனும் கேட்டிராதவர் குறிப்பை மட்டும் பார்த்து அதே வடிவில் பாடுவது கடினம்.

மேற்கில் கிட்டாருக்கும் இதே போன்ற நூல்கள் வந்தன. பெர்ட் வீடன் எழுதி 1957-ல் பிரிட்டனில் வெளிவந்த ‘ஒரே நாளில் வாசிக்கலாம்’ என்ற பொருள்படும் பாடநூல், ஆசிரியரின்றிக் கிட்டார் பழகிய ஒரு தலைமுறைக்குத் தொடக்கமாக அமைந்தது. தமிழகத்தில் அத்தகைய நூல்களும் கருவிகளும் சென்னை அண்ணா சாலையில் உள்ள மியூசி மியூசிக்கல் போன்ற கடைகளில் கிடைத்தன. 1842-ல் மிஸ்க்வித் என்ற பெயரில் தொடங்கப்பட்ட அக்கடை, லண்டன் டிரினிட்டி இசைக் கல்லூரியின் தேர்வுகளுக்கும் மையமாக விளங்கியது.

இளையராஜாவின் கிட்டார்

கிராமத்திலிருந்து வந்து, தொலைவிலுள்ள ஒரு கல்லூரியின் பாடத்தைச் சென்னையிலிருந்தே கற்றுத் தேறியவர்களில் மிகவும் அறியப்பட்டவர் இளையராஜா. தேனி மாவட்டம் பண்ணைப்புரத்தில் 1943-ல் பிறந்த அவர், அண்ணன் பாவலர் வரதராஜனின் இசைக்குழுவுடன் ஊர் ஊராகச் சென்று பாடியும் வாசித்தும் வளர்ந்தார். அந்தக் கட்டத்தில் அவருக்குக் குறிப்பெழுதிய தாள்கள் இல்லை. கேட்டதை வாசிப்பதே பயிற்சி. 1960-களின் இறுதியில் சென்னைக்கு வந்தபின், மயிலாப்பூரில் ஒரு விடுதி அறையில் பாடம் நடத்திய தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசையையும் அதன் குறிப்பு முறையையும் கற்றார். லண்டன் டிரினிட்டி கல்லூரியின் செவ்வியல் கிட்டார் தேர்வில் தங்கப் பதக்கம் பெற்றார். அதற்காக அவர் லண்டன் செல்லவில்லை. பிற்காலத்தில் ஏ.ஆர். ரகுமானும் தன்ராஜ் மாஸ்டரிடம் பயின்றார்.

1976-ல் அன்னக்கிளி வெளிவருவதற்கு முன், ஜி.கே. வெங்கடேஷுக்கு உதவியாளராகவும் சலில் சௌத்ரி போன்றோரின் பதிவுகளில் கிட்டார் கலைஞராகவும் இளையராஜா பணியாற்றினார். அவர் இசையமைத்த படங்களில் கிட்டாருக்குத் தனி இடம் கிடைத்தது. மூடுபனி (1980) படத்தின் ‘என் இனிய பொன் நிலாவே’, பயணங்கள் முடிவதில்லை (1982) படத்தின் ‘இளைய நிலா’ ஆகிய பாடல்கள் கிட்டார் கற்கும் தமிழ் மாணவர்களுக்கு இன்றும் எல்லைக்கல்லாக இருக்கின்றன. ‘இளைய நிலா’ பாடலில் கிட்டார் வாசித்தவர் ஆர். சந்திரசேகர்.

பாட்டுப் புத்தகம், வானொலி, ஒலிநாடா

இப்பாடல்கள் கிராமங்களையும் மலையூர்களையும் எட்டிய வழிகள் மூன்று. முதலாவது, திரையரங்க வாசலில் விற்ற பாட்டுப் புத்தகம். அதில் கதைச்சுருக்கமும் பாடல் வரிகளும் இருக்கும். சுவரமோ கார்டு பெயரோ இருக்காது. இரண்டாவது, வானொலி. இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவையும் அகில இந்திய வானொலியும் பாடல்களைத் திரும்பத் திரும்ப ஒலிபரப்பின. ஆனால் தேவையான இடத்தில் வானொலியை நிறுத்த முடியாது. மூன்றாவது, 1980-களில் பரவிய ஒலிநாடா. நிறுத்தி, பின்னோக்கிச் சுற்றி, ஒரே வரியை எத்தனை முறையும் கேட்க முடிந்தது அப்போதுதான். நாடாவைத் தேய்த்தே பாடம் படித்த தலைமுறை அது.

ஒலிநாடாவிலும் இடர்கள் இருந்தன. ஒலிப்பெட்டியின் வேகம் சற்று மாறினாலும் பாட்டின் சுருதி மாறிவிடும். அதனால் கற்பவர் முதலில் தன் கிட்டாரின் ஆறு கம்பிகளையும் அந்த ஒலிப்பெட்டியின் சுருதிக்கு ஏற்ப மாற்ற வேண்டியிருந்தது. வேகமான பகுதியை மெதுவாக ஓட்டினால் சுருதியும் இறங்கிவிடும். கேட்ட சுவரத்தைக் கம்பியில் எந்த இடத்தில் வாசிப்பது என்பதும் தெரியாது. ஒரே சுவரம் கிட்டாரில் பல இடங்களில் கிடைக்கும். திரைப்படத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ளவும் வழியில்லை. திரையில் கிட்டாருடன் நிற்பவர் நடிகர். வாசித்தவர் ஒலிப்பதிவுக் கூடத்தில் இருந்தவர். நடிகரின் விரல்கள் பாட்டுடன் பொருந்துவதில்லை.

ஊரில் மின்கிட்டாரை நேரில் பார்க்கக் கிடைத்த இடம் மெல்லிசைக் கச்சேரி மேடை. கோயில் திருவிழாக்களிலும் திருமணங்களிலும் வந்த மெல்லிசைக் குழுக்கள் திரைப்பாடல்களை அச்சுப்பிசகாமல் வாசிப்பதையே பெருமையாகக் கொண்டன. கிட்டார் வாசித்த தேவாலயப் பாடகர் குழுக்கள் மற்றொரு பள்ளி. 1990-களில் முன்பதிவு செய்த தாளமும் பல கருவிகளின் ஒலியும் கொண்ட கீபோர்டுகள் பரவியபோது, பல குழுக்களில் தனிக் கிட்டார் கலைஞருக்கான தேவை குறைந்தது. அதனால் ஊரிலேயே பார்த்துக் கற்கும் வாய்ப்பும் சுருங்கியது.

கர்நாடக இசையில் மின்கிட்டார்

திரையிசைக்கு வெளியேயும் மின்கிட்டார் தமிழகத்தில் தனக்கென ஒரு பாதை அமைத்தது. 1980-களில் சுகுமார் பிரசாத் மின்கிட்டாரில் கர்நாடகக் கச்சேரிகள் நிகழ்த்தினார். அதே காலத்தில் யு. ஸ்ரீநிவாஸ் மின் மாண்டலினைச் சபா மேடைகளில் நிலைநாட்டினார். பின்னர் ஆர். பிரசன்னா மின்கிட்டாரில் கீர்த்தனைகளை உலக மேடைகளுக்குக் கொண்டுசென்றார். ஐஐடி சென்னையில் கப்பல் பொறியியல் பயின்ற அவர், பின்னர் அமெரிக்காவின் பெர்க்லி இசைக் கல்லூரியில் கற்றார்.

மின்பெருக்கம் ஒலியை நீண்ட நேரம் நிற்கச் செய்கிறது. ஒருமுறை மீட்டிய ஒலி அடங்குவதற்குள் கம்பியை இழுத்தும் விரலை வழுக்கியும் பல சுவரங்களைத் தொடலாம். ஃபிரெட் எனப்படும் உலோகக் கட்டைகள் கொண்ட கருவியில் கமகத்தைக் கொண்டுவர இதுவே வழி. இதைக் குறிப்பில் காட்டுவது எளிதல்ல. சுப்பராம தீட்சிதர் எதிர்கொண்ட அதே சிக்கலை இன்று கிட்டார் பாடம் எழுதுவோரும் எதிர்கொள்கின்றனர்.

பாடம் எதிர்த்திசையிலும் பயணித்தது. ஜான் மெக்லாலின் என்ற ஆங்கிலேயக் கிட்டார் கலைஞர், சக்தி குழுவில் விக்கு விநாயகராமுடன் இணைந்து வாசித்தவர். அவர் விநாயகராமின் மகன் செல்வகணேஷுடன் சேர்ந்து 2007-ல் கொன்னக்கோல் பயிற்சிக் குறுந்தகடு ஒன்றை வெளியிட்டார். தஞ்சை மண்ணின் தாளச் சொற்கள் அதன் வழியே மேற்கத்தியக் கிட்டார் மாணவர்களின் வீடுகளை அடைந்தன.

இணையத்தின் வருகை

இணையத்தில் கிட்டார் பாடம் முதலில் எழுத்தாகவே வந்தது. 1992-ல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட ஓல்கா என்னும் இணையக் கிட்டார் ஆவணகம், ரசிகர்கள் எழுதிய டேப்லேச்சர் குறிப்புகளைத் திரட்டியது. டேப்லேச்சர் என்பது ஆறு கம்பிகளுக்கு ஆறு கோடுகள் வரைந்து, எந்தக் கம்பியை எந்தக் கட்டையில் அழுத்த வேண்டும் என்பதை எண்களால் காட்டும் முறை. ஐரோப்பாவில் லூட் என்னும் கருவிக்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இது வழக்கில் இருந்தது. படங்களை அனுப்புவது கடினமாக இருந்த காலத்தில், தட்டச்சு விசைகளாலேயே எழுதக்கூடிய இந்த எண்குறிப்பு வேகமாகப் பரவியது. இசை வெளியீட்டாளர்களின் பதிப்புரிமை எதிர்ப்பால் ஓல்கா 2006-ல் மூடப்பட்டது.

இந்தியாவில் பொதுமக்களுக்கான இணையச் சேவையை 1995 ஆகஸ்ட் 15 அன்று விஎஸ்என்எல் தொடங்கியது. அடுத்த பத்தாண்டில் சிறு நகரங்களிலும் பிரௌசிங் சென்டர்கள் தோன்றின. மணிக்கணக்கில் பணம் கொடுத்துப் பார்க்கும் அங்கே பாடலின் எண்குறிப்பைத் தாளில் எழுதிக்கொண்டு வீடு திரும்புவதே நடைமுறை.

லண்டனில் வாழ்ந்த ஆஸ்திரேலியரான ஜஸ்டின் சாண்டர்கோ 2003-ல் இலவச இணையப் பாடங்களைத் தொடங்கினார். யூடியூப் 2005-ல் உருவாகி, 2008-ல் இந்தியப் பதிப்பைப் பெற்றது. அதுவரை காதுக்கும் தாளுக்கும் மட்டுமே கிடைத்த பாடம், இப்போது கையைக் காட்டியது. எந்த விரல், எந்தக் கம்பி, எவ்வளவு அழுத்தம் என்பவை கண்ணுக்குத் தெரிந்தன. 2016 செப்டம்பரில் ஜியோவின் வருகையால் தரவுக் கட்டணம் வீழ்ந்தபோது, காணொளிப் பாடம் ஊர்ப்புற இளைஞரின் கைபேசிக்கு வந்தது. தொடக்கத்தில் பாடங்கள் பெரிதும் ஆங்கிலத்தில் இருந்தன. பின்னர் தமிழிலேயே விளக்கி, தமிழ்த் திரைப்பாடல்களைக் கற்பிக்கும் காணொளிகள் பெருகின. 2020 மார்ச் பொதுமுடக்கத்தின்போது நேரடி வகுப்புகள் நடத்திய ஆசிரியர்களும் திரைக்கு மாறினர். பெண்டர் நிறுவனம் அப்போது தன் இணையப் பாடச் சேவையைப் புதியவர்களுக்கு மூன்று மாதம் இலவசமாக அளித்தது.

தெரிந்த பாட்டின் பங்கு

இணையப் பாடங்கள் பிரபலமான பாடல்களைச் சுற்றியே அமைவதற்குப் பார்வையாளர்களை ஈர்ப்பது மட்டும் காரணமல்ல. எண்குறிப்பு விரல் வைக்கும் இடத்தைச் சொல்கிறது. எவ்வளவு நேரம் நிறுத்துவது என்பதைப் பெரும்பாலும் சொல்வதில்லை. அந்தக் கால அளவை மாணவரின் நினைவில் உள்ள பாட்டே தருகிறது. விரல் தவறினால் ‘இது அந்தப் பாட்டு இல்லை’ என்று காது உடனே சொல்லிவிடும். அறியாத பாடலில் இந்த எச்சரிக்கை கிடைக்காது.

கர்நாடக இசையில் தொடக்க மாணவர் சரளி வரிசையிலிருந்து தொடங்குகிறார். அங்கே பாடம் அறியாததாக இருந்தாலும் திருத்த ஆசிரியர் எதிரில் இருக்கிறார். ஆசிரியர் எதிரில் இல்லாத முறைக்குத் தெரிந்த பாட்டு தேவைப்படுகிறது. சில கார்டுகளும் ஒரு சிறு மெட்டும் போதும் என்ற அளவில் எளிய பாடல்கள் முதலில் வருகின்றன. ‘இளைய நிலா’ போன்றவை பின்னர் வருகின்றன. காணொளியின் வேகத்தைப் பாதியாகக் குறைத்தாலும் சுருதி மாறாது என்பது ஒலிநாடாக் காலத்தில் கிடைக்காத வசதி.

எல்லைகள்

பாட்டு திருத்துவது ஒலியை மட்டுமே. மணிக்கட்டைத் தவறாக மடிப்பது, தேவைக்கு மேல் அழுத்துவது, கட்டைவிரலின் நிலை, தோளின் இறுக்கம் ஆகியவற்றைக் காது கண்டுகொள்ளாது. காணொளி ஆசிரியர் மாணவரைப் பார்ப்பதில்லை. ஒலி சரியாக இருந்தும் கை வலிப்பது, குறிப்பிட்ட வேகத்துக்கு மேல் செல்ல முடியாமல் போவது ஆகியவை இதனால் நேர்கின்றன. பல பாடல்களின் தொடக்கப் பகுதியை மட்டும் வாசிக்கத் தெரிந்து, ஒரு பாடலையும் முழுமையாக வாசிக்கத் தெரியாத நிலையும் பொதுவானது. பிறருடன் சேர்ந்து தாளம் தவறாமல் வாசிக்கும் பழக்கம், முன்பு மெல்லிசைக் குழுவிலும் தேவாலயத்திலும் கிடைத்தது. தனியறைப் பயிற்சியில் அது கிடைப்பதில்லை.

பாடம் எடுப்போருக்கும் சிக்கல் உண்டு. யூடியூப் 2007-ல் கொண்டுவந்த உள்ளடக்க அடையாள முறை, காணொளியில் ஒலிக்கும் பதிவுசெய்த பாடலைக் கண்டறியும். உரிமையாளர் கோரினால் காணொளி முடக்கப்படலாம், அல்லது விளம்பர வருவாய் உரிமையாளருக்குச் செல்லலாம். அதனால் பல ஆசிரியர்கள் மூலப் பாடலை ஒலிக்கவிடாமல் கிட்டாரில் மட்டும் வாசித்துக் காட்டுகின்றனர். மாணவரின் நினைவில் பாடல் இருக்கும் என்ற நம்பிக்கையே இங்கும் செயல்படுகிறது.

மலையில் இணைப்பு

கல்வராயன் மலை போன்ற இடங்களில் எல்லை வேறு வகையானது. கைபேசி அலைகள் மலைச்சரிவுகளால் மறிக்கப்படுகின்றன. கோபுரத்திலிருந்து விலகிய பள்ளத்தாக்கு ஊரில் காணொளி நின்று நின்று ஓடும். மக்கள் சிதறி வாழும் பகுதியில் கோபுரம் அமைப்பது தனியார் நிறுவனங்களுக்கு இலாபம் தருவதில்லை. இதைக் கருதி, நாடு முழுவதும் சேவை எட்டாத 24,680 ஊர்களுக்கு 4ஜி இணைப்பு வழங்க 26,316 கோடி ரூபாய் மதிப்பிலான திட்டத்துக்கு ஒன்றிய அமைச்சரவை 2022 ஜூலையில் ஒப்புதல் அளித்தது. இப்பணி பிஎஸ்என்எல் நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது.

இணைப்பு நிலையாக இல்லாத இடங்களில் சேமித்துப் பார்க்கும் வசதி பயன்படுகிறது. யூடியூப் இவ்வசதியை இந்தியாவில் 2014 டிசம்பரில் அறிமுகம் செய்தது. கல்லூரிக்கோ சந்தைக்கோ கீழே இறங்கும் நாளில் பாடத்தைச் சேமித்துக்கொண்டு, மலையில் இணைப்பின்றிப் பழக முடியும். பிரௌசிங் சென்டரில் எண்குறிப்பைத் தாளில் எழுதிச் சென்றதன் இன்றைய வடிவம் அது.

சின்னசாமி முதலியாரின் அச்சுத்தாள் முதல் கைபேசித் திரை வரை, தொலைவிலுள்ள மாணவருக்குக் கிடைக்கும் செய்தியின் அளவு கூடிக்கொண்டே வந்துள்ளது. முதலில் சுவரம், பின்னர் ஒலி, பின்னர் விரல் வைக்கும் இடம், இப்போது ஆசிரியரின் கை. இன்னும் வந்து சேராதது மாணவரின் கையைப் பார்த்துத் திருத்தும் கண். மரச்சிற்பப் பட்டறையில் அருகிருக்கும் மூத்தவர் செய்யும் அந்த வேலையை, கள்ளக்குறிச்சியிலோ வெள்ளிமலையிலோ கிட்டார் பழகுபவர் இன்று தானே செய்துகொள்ள வேண்டியிருக்கிறது. அதற்கு எளிய வழி, தன் வாசிப்பைக் கைபேசியில் பதிவுசெய்து, மூலப் பாடலுடன் ஒப்பிட்டுக் கேட்பது. ஊரில் ஏற்கெனவே கிட்டார் வாசிக்கும் ஒருவர், மெல்லிசைக் குழுவிலோ தேவாலயத்திலோ இருந்தால், மாதம் ஒருமுறை அவரிடம் வாசித்துக் காட்டுவது மற்றொரு வழி. திரையால் காண முடியாத கைத்தவறு அவர் கண்ணில் படும்.